உதட்டில் நிற்கிற பேர்

தறிக்கூடத்தில் யாருக்கும் பேர் கிடையாது. வீட்டில் ஆசை ஆசையாக வைத்த பேரைக் கதவோரத்து ஆணியில் பையோடு சேர்த்து மாட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நாற்பத்தெட்டுத் தறிகள் ஒரே கூரைக்கடியில் தடதடவென்று ஓடும்போது, பக்கத்தில் நிற்கிறவள் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. அதனால் அங்கே வேலை பார்க்கிற பெண்கள் கத்துவதில்லை. உதட்டால் பேசிக்கொள்வார்கள். சத்தம் துளியும் வராமல் வாயை மட்டும் நன்றாக அசைத்து, புருவத்தைத் தூக்கி, மூன்று தறி தள்ளி நிற்கிறவளோடு நேற்றைய சண்டையிலிருந்து நாளைய கல்யாணம் வரைக்கும் பேசித் தீர்ப்பார்கள். ஒருத்தியைக் கூப்பிட வேண்டுமென்றால் அவள் தறியின் நம்பரை விரலில் காட்டுவது வழக்கம். பத்துக்குள் இருந்தால் சுலபம். முப்பத்தேழாம் தறிக்காரியைக் கூப்பிட முதலில் மூன்று விரல், அப்புறம் ஏழு விரல். அதற்குள் அவளே திரும்பி என்ன என்று கேட்டுவிடுவாள்.

நம்ம ஆள் நாலாம் தறி. பதினோரு வருஷமாக நாலு விரல்தான் அவள் பேர். அதைப் பற்றி அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இருபத்தாறு நாளுக்கு முன்னால் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அதற்கு என்ன பேர் வைப்பது என்பதில்தான் வீடு இரண்டுபட்டுக் கிடந்தது.

வீடு என்றால் பெரிய கூட்டமில்லை. கீழே அவளும் புருஷனும் பிள்ளையும். மாடியில் புருஷனின் அக்கா. புருஷன் ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவன். விடியும் முன் போய், காலை ஒன்பதுக்கு ஒரு நடை வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி போவான். புருவத்தில்கூட எப்போதும் கொஞ்சம் மாவு இருக்கும். பிறந்த அன்றே பிள்ளையைப் பார்த்துவிட்டு, "பன்னு மாதிரி இருக்காளே," என்றான். அன்றிலிருந்து பேர் வைக்கிற வரைக்கும் அது பன்னு.

நாத்தனார் பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் வருகைப் பதிவேடு எழுதுகிறவள். முப்பது வருஷத்துப் பிள்ளைகளின் பேர்கள் அவள் விரல் நுனியில். அப்பா அம்மா போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். அந்த உரிமையில் பேச்சு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். மனசு வெல்லம், வாய் மிளகாய் என்று தெரு முழுக்கச் சொல்லும்.

பிறப்புப் பதிவு அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்து அலமாரியில் கிடந்தது. முப்பது நாளுக்குள் பேரை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தவறினால் சான்றிதழில் அந்த இடம் வெறுமனே வரும், அப்புறம் அதை நிரப்ப அலையோ அலை என்று அலைய வேண்டும் என்று நாத்தனார் எச்சரித்திருந்தாள்.

இதெல்லாம் எல்லா வீட்டிலும் நடக்கிற கூத்துதான். இந்த வீட்டில் இன்னொரு சங்கதி இருந்தது, அது நாலாம் தறிக்காரிக்கு மட்டும் தெரிந்த சங்கதி. அவளுக்குக் காது போய்க்கொண்டிருந்தது.

ஒரேயடியாகப் போகவில்லை. நாலு வருஷமாக, மெல்லிய சத்தமாகப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாய்க் கழன்றுகொண்டிருந்தது. முதலில் கடிகாரம். அப்புறம் கெட்டிலின் விசில். அப்புறம் பேச்சில் ச, ஸ என்று வருகிற எழுத்தெல்லாம். லாரி கேட்கும், கதவை அறைந்தால் கேட்கும், பிள்ளை வீறிட்டால் கேட்கும். முகத்தைப் பார்த்துப் பேசினால் எல்லாமே கேட்கிற மாதிரிதான். பதினோரு வருஷம் உதட்டைப் படித்த கண்ணாயிற்றே. தறிக்கூடத்தில் பாதிப் பேருக்கு இப்படித்தான், அங்கே இது ஒரு விஷயமே இல்லை. வீட்டில்தான் அவள் மூச்சு விடவில்லை. பிள்ளை வயிற்றில் இருந்தபோதே நாத்தனார் ஒருநாள் பக்கத்துத் தெருச் செவிட்டு அம்மாவைப் பற்றி, "அவகிட்ட எப்படித்தான் குழந்தையை விட்டுட்டுப் போறாங்களோ," என்று சொன்னதை இவள் அடுப்படியிலிருந்து வாய் அசைவில் படித்திருந்தாள்.

இருபத்தாறாம் நாள் காலை. வெளியே விடாத மழை. புருஷன் சூடாக ஒரு ரொட்டியோடு வந்தான். நாத்தனார் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி, குடையும் கையுமாக மேஜையில் உட்கார்ந்திருந்தாள்.

"மலர்னு முடியற பேர் வேண்டவே வேண்டாம்," என்றாள் நாத்தனார். "ஒண்ணாங் கிளாஸ்ல மட்டும் ஒன்பது மலர். டீச்சர் ஒரு பேரைச் சொன்னா பாதி பூந்தோட்டம் எழுந்து நிக்குது."

"சரி, உன் மனசுல என்னதான் இருக்கு?" என்றான் தம்பி.

"என் மனசுல இருக்கறதைச் சொன்னா, நாத்தனார் ஆட்டி வைக்கறாங்கன்னு பேர் வரும். நீயே சொல்லு. அ, ஆ, இ, இதுக்குள்ள வர்ற மாதிரி சொல்லு. ரிஜிஸ்டர்ல முதல் அஞ்சுக்குள்ள வந்துடணும். பின்னாடி போற பிள்ளைங்களைக் கூப்பிடறதுக்குள்ள டீச்சருக்கே சலிச்சுப் போயிடுது."

அவன் ரொட்டியை அறுத்துக்கொண்டே, தலை நிமிராமல் ஏதோ ஒரு வார்த்தை சொன்னான். நாலாம் தறிக்காரிக்கு அது பிடிபடவில்லை. இந்த மாதிரி நேரத்தில் அவள் செய்வது ஒன்றுதான்; மற்றவர் முகத்தைப் பார்த்துத் தன் முகத்தை வைத்துக்கொள்வாள். நாத்தனாரின் முகம் மலர்ந்துவிட்டது. அதைப் பார்த்து இவளும் சிரித்தாள்.

"பிடிச்சிருக்கா?" என்றான் அவன், இப்போது நிமிர்ந்து.

"எழுதிக் காட்டுங்க. எழுத்துல பார்த்தாத்தானே லட்சணம் தெரியும்."

படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினான். இசை.

உலகத்தில் எத்தனை ஆயிரம் சொல் இருக்கிறது, இந்த மனுஷன் போய் எதை எடுத்து வந்திருக்கிறான் பாரேன் என்று அவளுக்கு இருந்தது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் விசிலடித்துக்கொண்டே நடக்கிறவன். மாவு பிசைகிற கைக்குத் தாளம் வேண்டும் என்பான். அவனுக்கு அந்தப் பேர் தோன்றியதில் அதிசயம் இல்லை. பேரும் அழகு. அதில் அவளுக்கும் மறுப்பில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள்.

சொன்னான். உதடு கொஞ்சம் பிரிந்தது, பல் தெரிந்தது, முடிந்துவிட்டது. பல்வலிக்காரன் லேசாகச் சிரிக்கிற மாதிரி இருந்தது.

"யோசிக்கலாம்," என்றாள்.

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? ரெண்டே எழுத்து. மூணாவது உயிரெழுத்து. ரிஜிஸ்டர்ல ஜம்முனு முன்னாடி நிக்கும்," என்றாள் நாத்தனார்.

"நாலு நாள் இருக்குல்ல அண்ணி."

இருவரும் போன பிறகு கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள். இசை. இலை. இடை. எல்லாம் ஒரே அசைவு. வெறுமனே பல்லை இளித்தாலும் அப்படித்தான் இருந்தது. வேறு நாலைந்து பேர் சொல்லிப் பார்த்தாள். சிலது தொண்டைக்குள்ளேயே புதைந்துபோயின, சிலது நாக்கோடு நின்றுவிட்டன. பன்னு தொட்டிலில் கிடந்து அம்மா ஏன் கண்ணாடியோடு சண்டை போடுகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் அவள் குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு துணி அலசினாள். அவன் தொட்டில் பக்கம் நின்றதோ பேசியதோ அவளுக்குத் தெரியாது. நிமிர்ந்தபோது வாசல் கதவு திறந்திருந்தது, ஆள் இல்லை. குடையையும் விட்டுவிட்டுப் போயிருந்தான். சாயங்காலம் நாத்தனார் படியிறங்கி வந்து எதிரில் நின்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது.

"அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டானாம், பிள்ளை சிரிச்சுதாம். உனக்குப் பிடிக்கலையான்னு உன்கிட்ட ரெண்டு தடவை கேட்டானாம். நீ திரும்பிக்கூடப் பார்க்கலையாமே. இவ்வளவு வீம்பு ஆகாதும்மா. அவன் வாயில்லாப் பூச்சி, மனசுக்குள்ளேயே வச்சுக்குவான்."

சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பக்கத்துத் தெரு அம்மாவின் நினைவு வந்தது. விழுங்கிவிட்டாள்.

"துணி அலசற சத்தத்துல விழல அண்ணி," என்றாள்.

"ஆமாம், துணி அலசறது பெரிய தறிக்கூடம்," என்று நாத்தனார் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி முணுமுணுத்தாள். கண்ணாடியில் அவள் வாய் துல்லியமாகத் தெரிந்தது. இவள் கேட்காத மாதிரி இருந்துவிட்டாள்.

அதற்கப்புறம் புருஷன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சாப்பிட்டான், பிள்ளையைக் கொஞ்சினான், போனான். கோபமாக இரண்டு வார்த்தை பேசியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இப்படி மரியாதையாக நடந்துகொண்டதுதான் தாங்கவில்லை.

இருபத்தொன்பதாம் நாள் மழை கொஞ்சம் விட்டது. பிள்ளையைச் சுற்றிக்கொண்டு தறிக்கூடத்துக்குப் போனாள். உள்ளே போகவில்லை, அந்தச் சத்தம் தன் காதைத் தின்றது போதும் என்று இருந்தது. பக்கவாட்டில் ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல் உண்டு. அதற்கு வெளியே நின்று பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். முதலில் பார்த்தவள் ஆறாம் தறி. அவள்தான் இவளுக்கு நெருக்கம். தறியை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வந்தாள். ஒருத்தி வந்தால் ஊரே வரும்; ஐந்து நிமிஷத்தில் ஜன்னல் நிறைய முகம். எல்லா வாயும் ஒரே நேரத்தில் அசைந்தது. வெளியே நின்றவளுக்கு ஒரு குரலும் கேட்கவில்லை, ஆனால் ஒரு வார்த்தையும் தப்பவில்லை.

"மூக்கு உன்னை மாதிரி."

"நல்லவேளை, காது அப்பா மாதிரி," என்றாள் ஆறாம் தறி. எல்லாரும் சிரித்தார்கள்.

"பேர் வச்சாச்சா?"

நாலாம் தறிக்காரி அந்தப் பேரை உதட்டால் சொன்னாள். உள்ளே ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன, இலையா?"

"இல்லைங்கறா. இன்னும் வைக்கலையாம்."

"சீன்னு யாராவது பிள்ளைக்குப் பேர் வைப்பாங்களாடி?"

"ஏதோ பல்லைக் காட்டறா. பிள்ளை பெத்த சந்தோஷம்."

கடைசியில் நாலாம் தறிக்காரி கண்ணாடியில் ஊதி, ஆவி படர்ந்த இடத்தில் விரலால் எழுதிக் காட்டினாள். எழுத்து இடம் வலம் மாறித் தெரிந்தாலும் ஆறாம் தறி படித்துவிட்டாள். சிரிப்பு அடங்கிப்போயிற்று.

"வீட்டுல சொல்லு," என்றாள் ஆறாம் தறி, ஒவ்வொரு சொல்லாக. "காரணத்தைச் சொல்லு. வாயிருக்கற பிள்ளை பிழைக்கும்."

"சொன்னா தொட்டில் மாடிக்குப் போயிடும்."

"தொட்டிலுக்குக் காலா இருக்கு, தானா போறதுக்கு? நீ விடாத."

அதற்குள் மேஸ்திரி வந்து கையை ஆட்டி எல்லாரையும் விரட்டினார். ஒன்பதாம் தறியில் இழை அறுந்து தொங்கியது. துணியில் நீளவாக்கில் ஓடுகிற இழைக்குப் பாவு என்று பேர். குறுக்கே ஓடுவது ஊடை. பாவில் ஒரு இழை அறுந்தால் அது துணி முழுக்கக் கோடாக விழுந்துவிடும். அதனால் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது மேஸ்திரியின் வாயில் வருகிற வார்த்தை, "பாவைப் பாரு, பாவைப் பாரு." இப்போதும் அதையே சொல்லிக்கொண்டு போனார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற நாலாம் தறிக்காரியின் கை, அது பாட்டுக்கு இழையைத் தேடி அசைந்தது.

திரும்பும் வழியில் ரொட்டிக்கடை. பின்பக்கச் சந்தில், பிசைகிற அறைக்கும் ஒரு கண்ணாடிக் கதவு உண்டு. உள்ளே பிசைகிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் உறுமல் அவளுக்கு உள்ளங்காலில் தெரிந்தது. புருஷன் மெஷின் பக்கம் நின்றான். எதிர்க்கோடியில் அடுப்புக்காரர், நரைத்த மீசை, தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மெஷின் சத்தத்தை மீறிக் கத்துகிறவன் சொல்லை விழுங்க மாட்டான். வாயை நன்றாகத் திறந்து முழுசாகத்தான் சொல்லுவான். அவள் புருஷன் அப்படித்தான் அடுப்புக்காரரைப் பார்த்துக் கத்தினான்.

'பாவை எடுங்க' என்று அவள் படித்தாள்.

இந்த மனுஷனுக்கு எதற்குப் பாவு என்று நினைத்தாள். அவன் மறுபடியும் கத்தினான். 'பாவை எடுங்க. பாவை இந்தப் பக்கம் கொண்டாங்க.' அடுப்புக்காரர் பெரிய தொட்டியிலிருந்து ஒரு பொதி மாவை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு வந்தார்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாவை. உதட்டுக்கு ப-வும் ம-வும் ஒன்றுதான், தறிக்கூடத்தில் புதிதாகச் சேருகிறவளுக்குக்கூட முதல் வாரத்தில் தெரிகிற பாடம் அது. பதினோரு வருஷத்துக் கண் ஏமாந்துபோனதை நினைத்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து, அந்தச் சொல்லைத் தானும் சொல்லிப் பார்த்தாள். உதடு இரண்டும் ஒட்டி, சட்டென்று பிரிந்து, வாய் அகலத் திறந்தது. அப்புறம் கீழுதடு பல்லைத் தொட்டு விலகியது. தெருமுனையிலிருந்து ஒருவர் சொன்னாலும் பிடித்துவிடலாம்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அவன் பதறி மெஷினை நிறுத்தினான்.

"என்ன, பிள்ளைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்கா. இப்ப அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"மாவை எடுங்கன்னேன். ஏன்?"

"நான் பாவை எடுங்கன்னு பார்த்தேன்."

"கேட்டேன்னு சொல்லு. பார்த்தேங்கற?"

"பார்த்தேன்னுதான் சொல்றேன். கேக்கல." அவள் பிள்ளையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "எனக்குக் காது கேக்கறதில்ல. நாலு வருஷமாச்சு. பூராவும் போகல. மெல்லிசா வர்றது எதுவும் வராது. மூஞ்சியைப் பார்த்தா எல்லாம் புரியும். முதுகுப் பக்கம் நின்னு பேசினா நீங்க பேசறதே எனக்குத் தெரியாது."

அடுப்புக்காரர் தட்டை வைத்துவிட்டுப் போகப் பார்த்தார். "நீங்க இருங்கண்ணே, ரகசியம் தீர்ந்து போச்சு," என்றாள் அவள்.

புருஷன் மாவுக் கையைத் தொங்கப் போட்டபடி நின்றான். எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தக் கை இரண்டும் தவித்தன.

"அன்னிக்குக் குழாயடியில?"

"ஒரு வார்த்தையும் வரல. நல்லதா ஏதாவது சொல்லியிருந்தா இப்ப திரும்பச் சொல்லுங்க."

"என் விசில்?"

"அதுவும்தான்."

"தெரு திரும்பற வரைக்கும் உனக்காகத்தான் அடிச்சுக்கிட்டுப் போவேன். முன்னெல்லாம் ஜன்னலுக்கு வருவ. அப்புறம் வர்றதில்ல. சரி, பழகிப்போச்சு, சலிச்சுப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்."

நாலு வருஷமாக அவன் அதை அப்படி நினைத்துக்கொண்டு விசிலை நிறுத்தாமல் போயிருக்கிறான். மறைத்ததில் தனக்கு மட்டும்தான் கஷ்டம் என்று அவள் நினைத்திருந்தாள்; கணக்கு தப்பு.

"இனிமே அடிக்கும்போது ஜன்னலைப் பார்த்துக் கையைத் தூக்குங்க. நான் நிப்பேன்," என்றாள். "இப்ப பிள்ளை விஷயத்தைக் கேளுங்க. நீங்க சொன்ன பேர் அழகான பேர். அதுல குறையே இல்ல. ஆனா என் கண்ணுக்கு அது அகப்படல. நாளைக்கு இவ தெருவுல ஓடுவா, பள்ளிக்கூடம் போவா. யார் யாரோ இவ பேரைச் சொல்லுவாங்க, திட்டுவாங்க, மெச்சுவாங்க. என் பிள்ளையைப் பத்தித்தான் பேசறாங்கன்னு ஊருக்கே தெரியும், பெத்தவளுக்குத் தெரியாது. அது எனக்கு வேண்டாம். அவ்வளவுதான்."

அவன் நேராக அவள் முகத்துக்கு எதிரே வந்து நின்று, வாயைக் கண்றாவியாக அகட்டி, "அப்ப என்ன பேர் வைக்கலாம்?" என்றான்.

"இவ்வளவு அகலமா வேண்டாம், சாதாரணமாப் பேசுங்க. பாவைன்னு வைக்கலாம்."

"மாவையா?"

"பா."

"பாவை." அவன் சொல்லிப் பார்த்தான். "பொம்மைங்கற மாதிரி வருமே."

"கண்ணுக்குள்ள இருக்கற கருமணிக்கும் பாவைன்னுதான் பேர்," என்றார் அடுப்புக்காரர், அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

"அண்ணன் என்ன சொன்னார்?" என்று அவள் கேட்டாள். புருஷன் திருப்பிச் சொன்னான். அவள் தலையை ஆட்டினாள். அவன் பிள்ளையின் முகத்துக்கு நேராகக் குனிந்து அந்தப் பேரைச் சொன்னான். பிள்ளை கொட்டாவி விட்டது. இசைக்குச் சிரித்த பிள்ளை இது என்று அவன் முகம் ஒரு கணம் வாடியது அவளுக்குத் தெரியாமல் இல்லை. விட்டுக் கொடுப்பவனுக்கு வலிக்காது என்று யார் சொன்னது. அவன் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கன்னமெல்லாம் மாவாக, "அக்காகிட்ட யார் சொல்றது?" என்றான்.

"நான்தான்," என்றாள்.

சாயங்காலம் நாத்தனார் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து குடையை விரித்து வைப்பதற்குள் சொல்லிவிட்டாள், காதையும் பேரையும் சேர்த்து. புருஷன் பக்கத்தில் தூண் மாதிரி நின்றான்; பேசத்தான் இல்லை. நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நாலு வருஷமாவா? டாக்டர்கிட்ட போனியா?"

"தறிக்கூடத்து டாக்டர் பார்த்தார். போனது போனதுதான்னார். இருக்கறதைக் காப்பாத்திக்கோ, காதுல பஞ்சு வச்சுக்கோன்னார்."

"அப்ப பிள்ளை அழுதா?"

"வீறிட்டா கேக்கும். அதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். கீழுதடு ரெண்டு தடவை துடிக்கும், கை மூடும், அப்புறம்தான் வாய் திறக்கும். தொட்டில் கயித்தை என் மணிக்கட்டுல கட்டிக்கிட்டுத்தான் தூங்கறேன். இருபத்தொன்பது நாள்ல ஒரு நாள், பிள்ளை அழுது நான் எழுந்திரிக்காம இருந்ததுண்டா அண்ணி? மேல படுக்கற உங்களுக்குத்தானே தெரியும்."

நாத்தனார் யோசித்தாள். யோசித்துப் பார்த்தால் அப்படி ஒரு நாள் இல்லை.

"இருந்தாலும் தொட்டில் என் ரூமுக்கு வரட்டும். ஒரு பாதுகாப்புக்கு."

"வராது அண்ணி."

"என்ன, ஒரே வார்த்தையில சொல்ற?"

"ரெண்டு வார்த்தையில சொன்னாலும் வராது. பகல்ல வந்து வச்சுக்கோங்க, குளிப்பாட்டுங்க, கொஞ்சுங்க. நான் வேலைக்குத் திரும்பினா உங்களை விட்டா எனக்கு யாரு. ஆனா தொட்டில் இங்கேதான்."

நாத்தனார் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்ததால் கண்ணாடி நன்றாகவே கண்ணாடியாக இருந்தது.

"உங்க பேச்சு எனக்கு வேணும் அண்ணி," என்றாள் நாலாம் தறிக்காரி.

நாத்தனார் வெடுக்கென்று திரும்பினாள். "நான் ஒண்ணும் சொல்லலையே."

"'நமக்கென்ன, நம்ம பேச்சு யாருக்கு வேணும்'னு சொன்னீங்க. கண்ணாடியில உங்க வாய் தெரியுது."

நாத்தனாரின் மனசு பின்னோக்கி ஓடுவது அவள் முகத்திலேயே தெரிந்தது. இந்த ஜன்னலடியில் நின்று எத்தனை வருஷமாக எத்தனை முணுமுணுப்பு.

"எல்லாத்தையுமா?" என்றாள் மெதுவாக.

"திரைச்சீலை போட்டிருந்த நாளைத் தவிர."

"கல்யாணமான புதுசுல... அந்த உப்பு விஷயம்..."

"'கை தாராளம்னு பார்த்தா உப்புலதான் தாராளம்.' அப்பவே படிச்சேன். அடுத்த நாளே உப்பைக் குறைச்சேன்ல."

தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிப் பக்கம் போனான். நாத்தனாருக்கு முகம் சிவந்து, அப்புறம் அவளுக்கும் உதட்டோரம் துடித்தது.

"இத்தனை வருஷம் தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கல நீ?"

"கேட்டா நீங்க முணுமுணுக்கறதை நிறுத்திடுவீங்க. அப்புறம் வீட்டுல என்ன நடக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நாத்தனார் வந்து எதிரில் உட்கார்ந்தாள். தொட்டிலை ஒரு காலால் ஆட்டினாள். தோற்ற முகம் இல்லை அது; ஆனால் அடுத்து வந்த பேச்சில் சுருதி இறங்கியிருந்தது.

"பாவைன்னா ரிஜிஸ்டர்ல எங்கேயோ போயிடும். இருபதுக்கு மேல."

"போகட்டும். கூப்பிடற வரைக்கும் காத்திருக்கக் கத்துக்கட்டும்."

"பாவை பாவைன்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு, நாளடைவுல பாவம்னு ஆக்கிடுவாங்க பசங்க. நான் பார்க்காத பசங்களா."

"பாவம்னா கடைசியில வாயை மூடணும் அண்ணி, சொல்லிப் பாருங்க. என் பொண்ணு பேர் வாயைத் திறந்தபடி முடியுது. ரெண்டும் ஒண்ணில்ல."

நாத்தனார் இரண்டையும் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தாள். பாவம். பாவை. முப்பது வருஷம் பேர் எழுதியவளுக்கு இந்தப் பக்கத்தை யாரும் காட்டியதில்லை. படிவத்தை எடுத்து, ஓரத்தில் இருந்த பென்சில் எழுத்தை ரப்பரால் பதமாக அழித்தாள்.

முப்பதாம் நாள் காலையிலேயே பதிவு அலுவலகத்தில் கூட்டம். மழைக்கோட்டிலிருந்து சொட்டிய தண்ணீரில் தரையெல்லாம் ஈரம். புருஷனுக்கு மாவை விட்டு வர முடியவில்லை. படிவம் என்றால் தானில்லாமல் நடக்குமா என்று நாத்தனார் பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கூடவே வந்திருந்தாள். முறை வந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த எழுத்தர் தலை நிமிரவில்லை; பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பேரேட்டைப் பார்த்தபடியே என்னவோ கேட்டார். வழுக்கைத் தலை மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது.

நாத்தனார் பதில் சொல்ல வாயெடுத்தாள். நாலாம் தறிக்காரி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். நாலு வருஷமாக இப்படித்தான். யாராவது பதில் சொல்லட்டும் என்று பக்கத்து முகத்தைப் பார்த்துச் சிரித்தே ஓட்டியாயிற்று. மடியில் ஒருத்தி வந்த பிறகு அது சரிப்பட்டு வராது. பிள்ளையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"சார், கொஞ்சம் தலையை நிமிர்த்திக் கேளுங்க. எனக்குக் காது கேக்காது. வாயைப் பார்த்தாத்தான் புரியும். மூடியையும் எடுத்துடுங்க."

காது மந்தமானவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு பெரிசு என்று தெரியாது. வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. யாரோ உச்சுக்கொட்டினார்கள், அதையும் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாத்தனார் குடையை ஊன்றிக்கொண்டு, உச்சுக்கொட்டியவரை ஒரு பார்வை பார்த்தாள்.

எழுத்தர் மூடியை வாயிலிருந்து எடுத்தார். முகத்தைத் தூக்கி, "குழந்தை பேர் என்னம்மா?" என்றார்.

சொன்னாள். அவர் எழுதினார். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டுவது அங்கே விதி. மறுபடியும் குனியப் போனவர், நினைவு வந்து நிமிர்ந்து, அவளை நேராகப் பார்த்துச் சொன்னார். உதடு இரண்டும் ஒட்டின, பிரிந்தன, வாய் அகலத் திறந்து, கீழுதடு பல்லைத் தொட்டு விலகிற்று. ஊர் வாயில் தன் மகளின் பேரை அவள் முதன்முதலாகப் பார்த்தாள்.

"சரியா இருக்கும்மா?"

"சரியா இருக்கு," என்றாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."